மலைத் தண்ணீரில் கறை எவ்வளவு போகிறது? சலவைத் தூளை சென்சார் வைத்துச் சோதிக்க முழு வழிகாட்டி

கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் சட்டைக் கையைப் பார்த்தாலே தேயிலைச் சாறு எப்படிப்பட்ட கறை என்று புரியும். ஒட்டும்போது வெளிர்பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டு, பொழுது சாய்வதற்குள் பழுப்பாகிவிடும். கவாத்துக் கத்தியின் இரும்பு பட்ட இடத்தில் கருநீலமாகவே மாறிவிடும். நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட் பிடுங்குகிறவர்களின் வேட்டியிலும் சேலையிலும் வேறு கறை: இரும்பு கலந்த செம்மண். இரண்டையும் மார்கழிக் குளிரில், கை விறைக்கும் குழாய்த் தண்ணீரில்தான் துவைத்தாக வேண்டும்.

சலவைத் தூள் பாக்கெட்டில் எழுதியிருப்பது இந்தத் தண்ணீரை மனதில் வைத்து எழுதப்பட்டதல்ல. குன்னூர், கோத்தகிரி பக்கம் சோடா உப்பும், அழுக்கெடுக்கும் மூலப்பொருளான ஆசிட் ஸ்லரியும் கலந்து தாங்களே பவுடர் தயாரித்து விற்கும் சுய உதவிக் குழுக்களுக்கும் இதே சிக்கல் உண்டு. கலவையில் ஒன்றைக் கூட்டி ஒன்றைக் குறைத்தால் கறை கூடுதலாகப் போகிறதா இல்லையா என்பதை இப்போது கண்ணால் பார்த்துத்தான் சொல்கிறார்கள். பனிமூட்ட நாளில் ஒரு தீர்ப்பு, வெயில் நாளில் வேறு தீர்ப்பு வந்துவிடுகிறது. இந்த வழிகாட்டி அவர்களுக்காகவும், கல்லூரியிலோ மேல்நிலைப் பள்ளியிலோ இதைச் செய்முறைத் திட்டமாக எடுக்க நினைக்கும் மாணவர்களுக்காகவும் எழுதப்பட்டது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் சென்சார்தான் எளிதான பகுதி. அது தரும் எண்ணுக்கு மதிப்பு வருவது பக்கத்தில் வைத்து ஒப்பிடும் துணியால்தான். ஒவ்வொரு சோதனையிலும் தூளே போடாமல் வெறும் தண்ணீரில் அலசிய துணி ஒன்று இருக்க வேண்டும். அது இல்லையென்றால் தண்ணீர் செய்த வேலைக்கும் கை செய்த வேலைக்கும் சேர்த்துத் தூளுக்குப் பெயர் போய்விடும்.

எதை அளக்கிறோம்

கறை படிந்த துணி, தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்புகிறது. கறை போகப் போகத் திரும்பி வரும் ஒளி கூடும். எந்த நிற ஒளியில் இந்த மாற்றம் அதிகமாகத் தெரியும் என்பது கறையைப் பொறுத்தது. தேநீரும் செம்மண்ணும் நீல ஒளியை அதிகம் விழுங்கும். மஞ்சளில் உள்ள குர்குமினும் அப்படித்தான். ஏறக்குறைய 425 நானோமீட்டர் அலைநீளத்தில் அதன் உச்சம். பீட்ரூட் சாறு பச்சை ஒளியை, 535 நானோமீட்டர் அருகில் விழுங்கும். பச்சைத் தழையின் குளோரோபில்லுக்கு நீலத்தோடு சிவப்பிலும் ஓர் உச்சம் உண்டு.

ஆகவே வெளிச்சத்தைக் கூடுதல், குறைவு என்று மட்டும் சொல்லும் சென்சார் போதாது. நிறம் பிரித்துச் சொல்வது வேண்டும். டிசிஎஸ்34725 என்ற சிப் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரிக்கும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஏஎஸ்7341 கண்ணுக்குத் தெரியும் ஒளியை 415, 445, 480, 515, 555, 590, 630, 680 நானோமீட்டர் என எட்டாகப் பிரிக்கும். விலை கூடுதல்தான், ஆனாலும் முடிந்தால் இதையே வாங்குங்கள். எந்த அலைநீளத்தில் எந்தக் கறை என்பதைப் பிரித்துப் பார்க்க முடிவது அந்த விலைக்குத் தகும். இரண்டையும் ஆர்டுயினோ, இஎஸ்பி32 போன்ற, நிரல் எழுதி இயக்கும் சிறிய மின்னணுப் பலகையில் நான்கு கம்பிகளால் இணைத்துவிடலாம். இரண்டுக்கும் ஆயத்த நிரல் நூலகங்கள் இலவசமாக இருக்கின்றன.

கைபேசிக் கேமராவில் படம் எடுத்து அளக்கலாமே என்று பலரும் கேட்பார்கள். வேண்டாம். கேமரா தானாகவே வெளிச்சத்தையும் வெண்மையையும் சரிசெய்துகொள்ளும். நாம் அளக்க வந்த வேறுபாட்டைத்தான் அது முதலில் அழித்துவிடுகிறது.

அளவிடும் பெட்டி

ஏறக்குறைய 4 செ.மீ. விட்டமுள்ள பிவிசி குழாய்த் துண்டு ஒன்றை எடுத்து உள்ளே பளபளப்பில்லாத கருப்புப் பெயிண்ட் அடியுங்கள். மேல் மூடியின் நடுவில் சென்சார் துணியை நேராகக் கீழ்நோக்கிப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் எதிரெதிரே இரண்டு துளை போட்டு, வெள்ளை எல்இடிகளை 45 பாகை சாய்வில் பொருத்துங்கள். ஒளி சாய்வாக விழுந்து, சென்சார் நேராகப் பார்த்தால் துணியின் பளபளப்பு அளவீட்டில் கலக்காது. நிறமானிகளை உருவாக்கும் நிறுவனங்கள் பின்பற்றும் அமைப்புகளில் இதுவும் ஒன்று. சென்சார் பலகையிலேயே எல்இடி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள்; அது துணிக்கு நேர் மேலே இருந்து அடிப்பதால் மினுமினுப்பு அப்படியே திரும்பி வரும்.

எல்இடிக்கு நிலையான மின்சாரம் தேவை. இங்கே மழைக்காலத்தில் மின்னழுத்தம் ஏறி இறங்குவது சகஜம் என்பதால், பேட்டரியிலிருந்து ரெகுலேட்டர் வழியாகக் கொடுப்பது நல்லது. விளக்கைப் போட்டுப் பத்து நிமிடம் கழித்து அளக்கத் தொடங்குங்கள், ஏனென்றால் சூடேறும்வரை அதன் ஒளி மெல்ல மாறிக்கொண்டே இருக்கும்.

வெள்ளை எல்இடியைப் பற்றி இன்னொன்று தெரிந்திருக்க வேண்டும். அதன் உள்ளே இருப்பது நீல விளக்கும், அதன்மேல் மஞ்சளாக ஒளிரும் பாஸ்பர் பூச்சும்தான். 450 அருகில் ஒளி நிறைய இருக்கும். 415ல் கிட்டத்தட்ட எதுவும் இருக்காது. 480 அருகிலும் ஒரு பள்ளம் விழும். ஆகவே தேநீர்க் கறைக்கு 445 என்ற பிரிவையே நம்புங்கள். 415ல் வரும் எண்கள் ஆடிக்கொண்டே இருந்தால் அது சென்சாரின் குறை அல்ல.

ஒப்பீட்டு வெள்ளைக்கு விலையுயர்ந்த தட்டு தேவையில்லை. பிளம்பர்கள் குழாய் மரையில் சுற்றும் டெஃப்லான் டேப்பைத் தட்டையான ஒரு பலகைமேல் இருபது அடுக்காவது சுற்றுங்கள். அந்தப் பொருள் எல்லா நிற ஒளியையும் ஏறக்குறைய ஒரே அளவில் திருப்பி அனுப்பும். ஓரடுக்கு ஒளி ஊடுருவும் என்பதால்தான் இத்தனை அடுக்கு. தூசு படாமல் டப்பாவில் மூடி வையுங்கள்.

அந்த வெள்ளையை வைத்தால் சென்சாரின் முழு அளவில் முக்கால் பங்கு வரும்படி அதன் உணர்திறனையும் ஒளி சேர்க்கும் நேரத்தையும் அமைத்துப் பூட்டிவிடுங்கள். சோதனை முடியும்வரை தொடக்கூடாது. தானியங்கிச் சரிசெய்தல் இருந்தால் அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் விளக்கை அணைத்து ஒரு எண், போட்டு ஒரு எண் எடுங்கள். முதலாவது இருட்டு எண். கணக்கு இது:

பிரதிபலிப்பு = (துணியின் எண் − இருட்டு எண்) ÷ (வெள்ளையின் எண் − இருட்டு எண்)

பெட்டி சரியாக வேலை செய்கிறதா என்று அறிய, ஒரே கறைத் துணியைப் பத்து முறை எடுத்து எடுத்து வைத்து அளந்து பாருங்கள். பத்து எண்களுக்கும் இடையிலான சிதறல்தான் உங்கள் கருவியின் எல்லை. அதைவிடச் சிறிய வேறுபாட்டை வைத்து எந்தத் தூளைப் பற்றியும் எதுவும் சொல்லக்கூடாது.

துணி

துணியில் எடுக்கும் அக்கறை பாதி வேலையை முடித்துவிடும். ஒரே தானில் வெட்டிய, வெளுத்த பருத்தித் துணியாக இருக்கட்டும். வெளுக்காத காடா துணியில் இயற்கையான மஞ்சள் இருப்பதால் அது ஒத்துவராது. கடையில் வாங்குவதற்கு முன் புற ஊதா டார்ச் ஒன்றை அடித்துப் பாருங்கள். நீலமாக ஒளிர்ந்தால் அதில் ஆலையிலேயே வெண்மையூட்டி ஏற்றியிருக்கிறார்கள் என்று பொருள். அந்தத் துணியை விட்டுவிடுங்கள்.

புதுத் துணியில் ஆலைக் கஞ்சி இருக்கும். லிட்டருக்கு 2 கிராம் சலவைச் சோடா கலந்த நீரில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, நன்றாகப் பலமுறை அலசிக் காயவைத்தால் போய்விடும். பிறகு 7 செ.மீ. சதுரங்களாக வெட்டி, மூலையில் பென்சிலால் எண் எழுதுங்கள். பேனா மை கரையும்.

துணி மெல்லியது, ஒளி அதைக் கடந்து கீழே இருப்பதையும் தொட்டுவிட்டு வரும். ஆகவே அளக்கும்போது ஒவ்வொரு சதுரத்துக்கும் கீழே அதே தானின் கறைபடாத துணியை நான்கு மடிப்பாக வையுங்கள். எப்போதும் அதே நான்கு மடிப்புத்தான். நெசவின் திசையும் எண்ணை மாற்றும் என்பதால், ஒரு சதுரத்தைக் கால் சுற்றாகத் திருப்பித் திருப்பி நான்கு எண் எடுத்துச் சராசரி காணுங்கள்.

கறை வைப்பது

சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் உள்ள சில நிறுவனங்கள் கறை வைத்த துணியை ஆயத்தமாகவே விற்கின்றன. பெரிய தொழிற்சாலைகள் அவற்றைத்தான் பயன்படுத்துகின்றன. நம் நோக்கத்துக்கு நம் ஊர்க் கறைகள்தான் வேண்டும். அவற்றை நாமே ஒரே சீராகத் தயாரிக்கலாம்.

தேநீர்: 20 கிராம் சிடிசி டஸ்ட் தேயிலையை ஒரு லிட்டர் தண்ணீரில் போடுங்கள். இங்கே மலைக்கே உரிய ஒரு சிக்கல் வருகிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குன்னூரில் 94 வரை போகும். ‘ஐந்து நிமிடம் கொதிக்க வையுங்கள்’ என்று எழுதினால் மேட்டுப்பாளையத்தில் இறங்கும் சாறும் ஊட்டியில் இறங்கும் சாறும் ஒன்றாக இருக்காது. அதனால் கொதிநிலையை விட்டுவிட்டு, வெப்பமானி பார்த்து 90 டிகிரியில் ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது எந்த ஊரிலும் செய்யக்கூடியது. வடிகட்டி, 60 டிகிரிக்கு ஆறியதும் துணிச் சதுரங்களை அரை மணி நேரம் முழுவதுமாக மூழ்கவிட்டு, இடையிடையே புரட்டுங்கள். சொட்டு வைத்துக் கறை போட்டால் நடுவில் வெளிறி விளிம்பில் அடர்ந்து நிற்கும். சென்சாருக்கு அது ஆகாது.

பச்சைக் கொழுந்து: இரண்டு இலை ஒரு மொட்டாகப் பறித்ததை உடனே மிக்சியில் அரைத்து, சம எடைத் தண்ணீர் சேர்த்து, வடிகட்டாமல் தூரிகையால் தடவுங்கள். ஒரு மணி நேரம் கழித்துச் சக்கையைத் தட்டிவிட்டு, இரவு முழுக்க நிழலில் விடுங்கள். கொழுந்திலுள்ள பாலிஃபீனால் என்ற பொருட்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து பழுப்பாகும். தொழிற்சாலையில் கொழுந்து தேயிலையாவதும் இதே வினையால்தான். இந்தக் கறையை 445, 680 இரண்டு பிரிவுகளிலும் அளக்க வேண்டும். முதலாவதில் பழுப்பும், இரண்டாவதில் மிஞ்சிய பச்சையமும் தெரியும். சில தூள்களில் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் போவதைக் காணலாம். ஒரே கறை என்று நாம் நினைப்பது உண்மையில் ஒன்றல்ல. இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

செம்மண்: காயவைத்து, இடித்து, மாவு சலிக்கும் சல்லடையில் சலித்ததை 100 மி.லி. தண்ணீருக்கு 20 கிராம் வீதம் கலக்கி, கலக்கிக்கொண்டே தோய்த்து எடுங்கள். காய்ந்ததும் உதிரும் மண்ணைத் தட்டிவிட்டுத்தான் முதல் அளவீடு. செம்மண்ணின் நிறம் இரும்பு ஆக்சைடு என்பதால் வெளுப்பானோ நொதியோ அதை ஒன்றும் செய்யாது. துகளை நூலிலிருந்து பிரித்து, தண்ணீரிலேயே மிதக்க வைத்திருக்கும் திறன்தான் அங்கே சோதிக்கப்படுகிறது.

மஞ்சள் கறை ஏமாற்றும். காரத்தன்மை பட்டால் குர்குமின் செம்பழுப்பாகும். தூளின் எச்சம் துணியில் இருந்தால் சென்சார் வேறு நிறத்தை அளக்கும். வெயிலில் அது தானாகவும் வெளிறும். தொடங்குகிறவர்கள் மஞ்சளை விட்டுவிடலாம். எண்ணெய்க்கறைக்கு நிற சென்சார் உதவவே உதவாது, ஏனென்றால் அந்தக் கறைக்கு நிறமே இல்லை. 10 கிராம் துணியில் 1 கிராம் எண்ணெயை ஊற்றி, துவைத்துக் காயவைத்து, எடையில் என்ன மிச்சம் என்று பார்ப்பதே நேர்மையான வழி.

எல்லாக் கறைத் துணிகளையும் ஒரு வாரம் இருட்டில் மூடி வைத்த பிறகே துவைக்க வேண்டும். உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிர் கூடும். ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய பத்து விழுக்காடு என்பார்கள். மாடியில் காயப்போட்டால் தேநீர்க் கறையைத் தூளுக்கு முன்பே வெயில் கொஞ்சம் எடுத்துவிடும். ஒரு வாரம் முடிந்ததும் ஒவ்வொன்றையும் அளந்து, சராசரியிலிருந்து மிகவும் விலகி நிற்பவற்றை ஒதுக்குங்கள்.

தண்ணீர்

நீலகிரியின் ஓடைத் தண்ணீர் பொதுவாக மென்மையானது. சுண்ணாம்பும் மக்னீசியமும் குறைவு. சலவைத் தூளுக்கு இதைவிடச் சாதகமான தண்ணீர் கிடையாது. குழுவினர் தங்கள் பவுடரை இங்கேயே சோதித்துவிட்டுக் கோவையிலோ திருப்பூரிலோ விற்கப் போனால், அங்குள்ள ஆழ்துளைக் கிணற்றுக் கடின நீரில் அதே பவுடர் நுரைக்கவே தயங்கும். சமவெளியில் விற்கும் எண்ணம் இருந்தால் கடின நீரை இங்கேயே செயற்கையாக உண்டாக்கிச் சோதியுங்கள். வடிகட்டிய மழைநீர் ஒரு லிட்டரில் 165 மில்லிகிராம் கால்சியம் குளோரைடு (இரு நீர் மூலக்கூறு கொண்டது), 76 மில்லிகிராம் மக்னீசியம் குளோரைடு (ஆறு நீர் மூலக்கூறு கொண்டது) கரைத்தால், கால்சியம் கார்பனேட் கணக்கில் 150 பிபிஎம் (லிட்டருக்கு 150 மில்லிகிராம்) கடினம் வரும். இரட்டிப்பாகப் போட்டால் 300. இவ்வளவு சிறிய எடையை நேராக நிறுக்க முடியாது. நூறு மடங்கு செறிவாக ஒரு பாட்டில் கரைத்து வைத்துக்கொண்டு, லிட்டருக்கு 10 மி.லி. ஊற்றுங்கள்.

வெப்பநிலையை மூன்றாக வைத்துக்கொள்ளலாம்: மார்கழிக் குழாய்த் தண்ணீருக்கு 12 டிகிரி, சமவெளிக்கு 25, வெந்நீர் வைத்துத் துவைப்பவருக்கு 40. நொதி சேர்த்த தூள்களும், சோடியம் பெர்கார்பனேட் சேர்த்த வெளுக்கும் தூள்களும் இந்த மூன்றுக்கும் இடையில் பெரிதும் மாறுபடும். பெர்கார்பனேட்டிலிருந்து வரும் பெராக்சைடு, டிஏஇடி போன்ற தூண்டி சேர்க்காவிட்டால் 40 டிகிரிக்குக் கீழே மந்தமாகவே வேலை செய்யும். பாக்கெட்டில் ‘ஆக்ஸிஜன் சக்தி’ என்று போட்டிருந்தாலும் ஊட்டிக் குளிரில் அந்தச் சக்தியில் எவ்வளவு கிடைக்கிறது என்பதை இந்த 12 டிகிரி பாத்திரம்தான் சொல்லும்.

துவைப்பது

ஆய்வுக்கூடங்களில் டெர்கோடோமீட்டர் என்ற கருவி உண்டு. வரிசையாகப் பாத்திரங்கள், ஒவ்வொன்றிலும் வலமும் இடமும் சுழலும் துடுப்பு, எல்லாம் ஒரே வெப்பநீர்த் தொட்டியில். அதன் கருத்தை எடுத்துக்கொண்டால் போதும். நான்கு எவர்சில்வர் பாத்திரங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரே மாதிரி கியர் மோட்டார், கீழே ஒரு பெரிய அண்டாவில் தண்ணீர். மோட்டார் பத்து விநாடி வலம், பத்து விநாடி இடம் என்று நிரலில் எழுதிவிடுங்கள். ஒவ்வொரு பாத்திரத்திலும் நீர்புகாத டிஎஸ்18பி20 வெப்ப சென்சார் ஒன்றைத் தொங்கவிட்டு, நிமிடத்துக்கு ஒரு முறை பதியுங்கள். குளிர்காலக் காலையில் 40 டிகிரித் தண்ணீர் மூடாத பாத்திரத்தில் எவ்வளவு வேகமாக ஆறிப்போகிறது என்பது அந்தப் பதிவில் தெரியும். மூடி போடுவது கட்டாயம்.

கையால் கசக்கியோ கல்லில் அடித்தோ சோதனை செய்யாதீர்கள். வீட்டில் அப்படித்தான் துவைக்கிறோம், உண்மைதான். ஆனால் கசக்கும் கை முதல் துணியில் இருந்த பலத்தோடு எட்டாம் துணியில் இருக்காது.

பாத்திரம் ஒன்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், ஆறு கறைத் துணி, இரண்டு வெள்ளைத் துணி. இவை எட்டும் சேர்ந்து 5 கிராம் அளவுதான் இருக்கும். மொத்தம் 50 கிராம் வரும்படி அதே பருத்தியில் கறையில்லாத துணிகளைச் சேர்த்து நிரப்புங்கள். வீட்டு வாளியில் துணிக்கும் தண்ணீருக்கும் உள்ள நெருக்கம் அப்போதுதான் வரும். கூடப் போட்ட இரண்டு வெள்ளைத் துணிகளும் முக்கியம். ஒரு துணியிலிருந்து போன மண் இன்னொன்றில் போய் ஒட்டுகிறதா என்று அவைதான் காட்டும். செம்மண் சோதனையில், கறையை நன்றாக எடுத்து வெள்ளையைச் செம்மையாக்கிவிடும் தூள் நல்ல தூளல்ல.

தூளை நகைத் தராசில் நிறுங்கள். பாக்கெட் சொல்லும் அளவையே லிட்டருக்கு மாற்றிக்கொள்ளலாம். 15 லிட்டர் வாளிக்கு 30 கிராம் என்றால் லிட்டருக்கு 2 கிராம். துணி போடும் முன் இரண்டு நிமிடம் கலக்கிக் கரைத்துவிடுங்கள். நான்கு பாத்திரங்களில் ஒன்று வெறும் தண்ணீர். இதை விட்டுக்கொடுக்க வேண்டாம். இன்னொன்றில் கடையில் எளிதாகக் கிடைக்கும் தூள் ஒன்றை நிரந்தர ஒப்பீடாக வையுங்கள். மீதி இரண்டில் சோதனைக்கான கலவைகள். எதில் எது இருக்கிறது என்று அளப்பவருக்குத் தெரியக்கூடாது. வேறொருவர் தூளைப் போட்டு, பாத்திரங்களுக்கு க, ங, ச, ஞ என்று குறியிட்டு, பட்டியலை உறையில் வைத்து மூடிவிடட்டும். தன் குழு கலந்த பவுடர் ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் இருக்கும், துணியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாலே எண் மாறவும் செய்யும்.

இருபது நிமிடம் ஓட்டி, வடித்து, இரண்டு முறை அலசுங்கள். தேநீர்க் கறை காரத்தில் கருக்கும் என்பதால் அலசல் சரியாக இருக்க வேண்டும். கடைசி அலசல் நீரின் மின்கடத்துத்திறன் உங்கள் குழாய்த் தண்ணீரின் அளவுக்கு அருகில் இறங்கிவிட்டதா என்று சிறிய டிடிஎஸ் மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். இறங்கவில்லையென்றால் இன்னொரு அலசல், ஆனால் நான்கு பாத்திரங்களுக்கும் சேர்த்து.

துவைத்த நீரை ஓடையில் ஊற்றாதீர்கள். குன்னூர் ஆறு பவானியில் போய்ச் சேர்கிறது. கீழே அதைக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். உறிஞ்சுகுழியில் விடுங்கள்.

காயவைப்பது

ஆடி மாதத்து மூட்டத்தில் துணி காய நாள் கணக்கில் ஆகும். காய்ந்துவிட்டது என்று கைக்குத் தோன்றும் துணியிலும் ஈரம் இருக்கும். ஈரத் துணி அடர்ந்து தெரியும். நூல்களுக்கிடையே காற்று இருந்த இடத்தில் தண்ணீர் நின்றால் ஒளி சிதறுவது குறைந்துவிடுகிறது. ஆகவே அரைகுறையாகக் காய்ந்திருக்கும்போதே அளந்தால் நல்ல தூளும் மோசமாகத் தெரியும்.

அட்டைப்பெட்டியில் சிறிய விசிறியும் 40 வாட் குண்டு பல்பும் வைத்து உலர்பெட்டி செய்துகொள்ளுங்கள். பல்பின் ஒளி துணியில் நேராகப் படாமல் தகரத்தால் மறைத்துவிடுங்கள். காய்ந்ததும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் ஓர் இரவு. அதே டப்பாவில், துவைக்காத கறையில்லாத துணியும் துவைக்காத கறைத் துணியும் எப்போதும் இருக்கட்டும். ஒவ்வொரு அளவீட்டு நாளிலும் முதலில் அந்த இரண்டையும் அளங்கள். அவற்றின் எண் முதல் நாளில் இருந்தபடியே இருந்தால் ஈரமும் சரி, விளக்கும் சரி, சென்சார் கண்ணாடியில் பனி படியவில்லை என்பதும் சரி. மாறியிருந்தால் காரணம் தெரியும்வரை அன்று அளக்க வேண்டாம்.

எண்ணிலிருந்து தீர்ப்புக்கு

ஒரு தேநீர்த் துணியை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்கு மட்டும். 445 பிரிவில் கறை வைக்கும் முன் பிரதிபலிப்பு 0.80, கறை வைத்தபின் 0.40, துவைத்தபின் 0.60. போன வெண்மையில் பாதி திரும்பியிருக்கிறது, ஆக 50 விழுக்காடு நீக்கம் என்று சொல்லலாம்.

ஆனால் துணியிலுள்ள சாயத்தின் அளவு பிரதிபலிப்போடு நேர்விகிதத்தில் போவதில்லை. குபெல்கா, முங்க் இருவரும் 1931ல் தந்த சமன்பாடு இதற்குப் பயன்படும்: ஒன்றிலிருந்து பிரதிபலிப்பைக் கழித்து, அதன் வர்க்கத்தைப் பிரதிபலிப்பின் இரு மடங்கால் வகுங்கள். மேலே சொன்ன மூன்று எண்களுக்கும் விடை முறையே 0.025, 0.45, 0.133. இந்தக் கணக்கில் நீக்கம் ஏறக்குறைய 75 விழுக்காடு! துணி ஒன்றுதான், துவைப்பும் ஒன்றுதான். 75 என்பது துணியை விட்டுப் போன கறைப்பொருளின் பங்கு. 50 என்பது கண்ணுக்குத் தெரியும் முன்னேற்றத்துக்கு நெருங்கியது. கறையில் பெரும்பங்கு போனபிறகும், மிஞ்சும் கடைசிக் கொஞ்சம் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும் என்பதை இந்த இடைவெளி காட்டுகிறது. கலவையைச் சரிசெய்யும் குழு 75 தரும் கணக்கைப் பார்க்கலாம். வாங்குகிறவரிடம் சொல்வதற்கு 50 தரும் கணக்கே நியாயம். எந்தக் கணக்கு என்று எழுதாமல் விழுக்காடு மட்டும் போடுவது சரியல்ல.

தொழில்துறையில் டெல்டா ஈ என்ற நிற இடைவெளியை வைத்தும் கணக்கிடுவார்கள்.  கறை வைத்த துணி அசல் துணியிலிருந்து 24 அலகு தள்ளியிருந்து, துவைத்தபின் 9 அலகு தள்ளி நின்றால், நீக்கம் 100 × (24 − 9) ÷ 24, அதாவது 62.5. நம் சென்சாரை நிற அட்டைகளால் முறையாகத் தரப்படுத்தாமல் வரும் எண்ணை அந்தப் பெயரால் அழைக்கக்கூடாது. நமக்கு ஒற்றைப் பிரிவுக் கணக்கே போதும்.

இப்போது வெறும் தண்ணீர்ப் பாத்திரத்துக்கு வாருங்கள். அதே கணக்கில் தண்ணீர் மட்டும் 30 விழுக்காடு எடுத்திருந்தால், 50 எடுத்த தூளின் சொந்தப் பங்கு 20 புள்ளிகள்தான். இந்த எண்ணைத்தான் அறிக்கையில் முதல் வரியில் எழுத வேண்டும். பச்சைக் கொழுந்துச் சாறு போன்ற கறைகளில் குளிர்ந்த தண்ணீருக்கும் ஒரு பங்கு உண்டு. எந்தத் தூளின் விளம்பரமும் அதைச் சொல்லாது.

பிறகு சிதறல். ஆறு துணிகளின் திட்ட விலக்கம் 4 புள்ளி என்றால், இரண்டு தூள்களின் சராசரிகளுக்கு இடையிலான வேறுபாட்டின் பிழை ஏறக்குறைய 2.3. அதன் இரு மடங்குக்கு, அதாவது ஏறக்குறைய 5 புள்ளிக்குக் கீழான வேறுபாட்டைப் பார்த்து ‘இது மேல்’ என்று சொல்லக்கூடாது. முழுச் சோதனையையும் வேறு வேறு நாட்களில் குறைந்தது மூன்று முறை செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் தூள்களைப் பாத்திரம் மாற்றிப் போடுங்கள். மூன்று நாளும் வரிசை மாறாத தூளைப் பற்றித்தான் பேசலாம்.

வெண்மையூட்டியின் மாயம்

பல தூள்களில் ஒளிர்வெண்மையூட்டி இருக்கும். அது புற ஊதாவை விழுங்கி நீல ஒளியாகத் திருப்பித் தரும். கறை அங்கேயே இருக்க, துணி வெண்மையாகத் தெரியும். நம் பெட்டியில் வெள்ளை எல்இடி மட்டும் இருப்பதால், அதில் புற ஊதா அநேகமாக இல்லை, இந்த மாயம் அளவீட்டில் பெரிதாக நுழையாது. பெட்டிக்கு வெளியே பகல் வெளிச்சத்தில் அளந்தால் நுழைந்துவிடும். அதுவும் மலை வெயிலில் கூடுதலாக.

அதைத் தனியாகப் பார்க்கவும் வழி உண்டு. 365 நானோமீட்டர் எல்இடி ஒன்றை மூன்றாவது துளையில் பொருத்தி, வெள்ளை விளக்கை அணைத்துவிட்டு, கூடப் போட்ட வெள்ளைத் துணியை 445 பிரிவில் அளங்கள். துவைக்கும் முன் இருந்ததைவிட எண் ஏறியிருந்தால் தூளில் வெண்மையூட்டி இருக்கிறது. அந்த எல்இடியை நேராகக் கண்ணால் பார்க்காதீர்கள். இந்த எண்ணைக் கறை நீக்கத்தோடு கூட்டாமல் தனியாகவே எழுதுங்கள்.

கலங்கல் சென்சார் பற்றி

துவைக்கும்போதே தண்ணீரின் கலங்கலை அளந்தால் கறை போகும் வேகம் தெரியுமே என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். செம்மண்ணுக்கு ஓரளவு உதவும். தேநீருக்கு உதவாது, ஏனென்றால் அது கரைந்த நிறம். நுரைக் குமிழும் கரையாத தூள் துகளும் சென்சாரைக் கலங்கலாகவே உணர வைக்கும். வேகம் தெரிய வேண்டுமென்றால் 5, 10, 20 நிமிடங்களில் இரண்டிரண்டு துணியாக வெளியே எடுத்து, உடனே அலசிக் காயவைத்து அளப்பதே நம்பத்தக்கது.

விலைமதிப்புள்ள துணிக்கு

இந்தப் பெட்டியை இன்னொரு வேலைக்கும் பயன்படுத்தலாம், அது நீலகிரிக்கு மிகவும் வேண்டியது. 2013ல் புவிசார் குறியீடு பெற்ற தோடர் எம்பிராய்டரியில் வெண்பருத்தித் துணிமேல் சிவப்பும் கருப்பும் நூலால் பூவேலை செய்கிறார்கள். வாங்கிப் போனவர்கள் துவைத்ததும் சிவப்பு வெண்மையில் இறங்கிவிடுமோ என்று பயப்படுகிறார்கள். அதே நூலில் ஒரு முழம் எடுத்து, நம் வெள்ளைச் சதுரம் ஒன்றில் தைத்து, வெறும் தண்ணீர், மென்மையான திரவ சோப்பு, கார சலவைத் தூள் மூன்றிலும் 25 டிகிரியில் தனித்தனியே போடுங்கள். காய்ந்ததும் நூலைப் பிரித்துவிட்டு, சதுரத்தை 515, 555 பிரிவுகளில் அளங்கள். சிவப்பு இறங்கியிருந்தால் அங்கேதான் எண் குறையும். கறை போவதை அளக்கும்போது எண் ஏற வேண்டும். இங்கே மூன்று பாத்திரத்திலும் எண் அசையாமல் இருக்க வேண்டும். எந்தப் பாத்திரத்தில் அசையவில்லையோ அந்த முறையைச் சீட்டில் எழுதி, சால்வையோடு சேர்த்துக் கொடுக்கச் சொல்லி பூவேலை செய்து விற்பவர்களிடம் கொடுங்கள்.